பீச்சாங்கையை நீட்டப் பழகிய கதை: ஸ்கொயர் டான்ஸ் புதுமுக வகுப்பு

ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு தேவாலயத்தின் ஹாலில் செவ்வாய்தோறும் மாலை 7 முதல் 9 வரை ஸ்கொயர் டான்ஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற நடன வகுப்பு நடக்கிறது. நானும் மனைவியும் செப்டம்பரிலிருந்து போகிறோம். முதல் இரண்டு வாரம் இலவசம், அப்புறம் ஆளுக்கு வாரம் 6 டாலர். எனக்கு 57 வயது. கல்யாண வீட்டில்கூட கைதட்டியதோடு சரி. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். டெக்சாஸ் வெயிலில் எங்கே நடப்பது என்று ஏசி ஹாலைத் தேடிப் போனவன்தான் நான்.

நான்கு ஜோடிகள் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களில் நிற்கிறார்கள். மேடையில் மைக்கோடு நிற்பவர் காலர். அவருக்கு முதுகு காட்டி நிற்பது முதல் ஜோடி, அங்கிருந்து வலப்பக்கமாக 2, 3, 4. அடுத்து என்ன ஆட வேண்டும் என்று அவர் சொல்லும் ஒவ்வொன்றும் ஓர் ‘அழைப்பு’. அவர் சொல்லச் சொல்ல எட்டுப் பேரும் ஆட வேண்டும். கோலாட்டம் ஆடியவர்களுக்குப் பாதி உடனே பிடிபட்டுவிடும். ‘ரைட் அண்ட் லெஃப்ட் கிராண்ட்’ என்று ஒன்று: எதிரே வருகிறவர்களுக்கு வலது, இடது என்று மாறி மாறிக் கை கொடுத்தபடி வளையத்தைச் சுற்றுவது. கோலும் கயிறும் இல்லாத பின்னல் கோலாட்டம் என்றாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் கோலாட்டம் ஆடியவள், கற்றுக்கொள்வதில் என்னைவிட ஒரு மாதம் முன்னால் போய்விட்டாள்.

ஆனால் கோலாட்டத்தில் அடுத்தது என்ன என்று ஆடுகிறவருக்குத் தெரியும். இங்கே அது காலருக்கு மட்டும்தான் தெரியும். பல நேரம் அவரே அந்த நொடியில்தான் முடிவு செய்கிறார். மனப்பாடம் செய்து ஒப்பிக்க வழியில்லை. காலுக்குச் சும்மா நடைதான், வேலை முழுக்கக் காதுக்கு.

என் பெரிய தகராறு ‘அலெமான்ட் லெஃப்ட்’. இடப்பக்கம் நிற்கும் அடுத்த ஜோடிப் பெண்ணுக்கு, அவர்தான் கார்னர், இடது கையைக் கொடுத்துச் சுற்றித் திரும்ப வேண்டும். பீச்சாங்கையால் யாருக்கும் எதையும் கொடுக்கக் கூடாது என்று திட்டுவாங்கி வளர்ந்த கை எப்படி நீளும்? மூன்று வாரம் சோத்தாங்கைதான் தானாக முன்னால் போனது. என் கார்னராக நின்றவர் 70 தாண்டிய, முழங்கால் அறுவை செய்துகொண்ட ஓர் அம்மாள். என் வலது கையை மெல்லத் தட்டிவிட்டு, இடது முன்கையைப் பிடித்துச் சுற்றி அனுப்பிவிடுவார். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. ஏற்கெனவே கற்றுக்கொண்டு, புதியவர்களுக்குத் துணையாக வந்து நிற்கும் இவர்களை ‘ஏஞ்சல்’ என்கிறார்கள். ஒரு சதுரத்துக்கு இரண்டு மூன்று ஏஞ்சல்கள் இருந்தால் பிழைத்தோம். நான் கற்றது பாதிக்கு மேல் இவர்களிடம்தான்.

ஒரு முழு ஆட்டத்துக்கு ‘டிப்’ என்று பெயர், அதில் இரண்டு பாகம். முதலில் பேட்டர்: காலர் நம்மைப் பிய்த்துக் கலைத்துப் போட்டு, எப்படியோ சொந்தத் துணையிடமே திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பார். அடுத்தது சிங்கிங் கால், பாட்டுக்கு நடுவே அழைப்புகளைக் கோத்துப் பாடுவது. ஒருவர் தப்பினால் சதுரமே கலையும். அப்போது அவரவர் ஹோமுக்கு, அதாவது முதலில் நின்ற இடத்துக்குப் போய் நின்று, அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். டிப் முடிந்ததும் எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்கிறார்கள், சொதப்பியவருக்கும் சேர்த்து.

இனி குறைகள். ஹாலின் ஸ்பீக்கர் படுமோசம். பின்வரிசைச் சதுரத்தில் நின்றால் ‘ஸ்டார் த்ரூ’வும் ‘ஸ்கொயர் த்ரூ’வும் ஒன்றுபோலவே காதில் விழும். அமெரிக்கர்களுக்கே அப்படியென்றால் என் கதி? இரண்டு முறை சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார்கள், அந்த அடுத்த வாரம் இன்னும் வந்தபாடில்லை. சீக்கிரம் போய் முன்வரிசையில் இடம் பிடியுங்கள். இன்னொன்று, தீபாவளிக்காக ஒரு வாரம் போகவில்லை. அதற்குள் நான்கு புது அழைப்புகள் சொல்லிக் கொடுத்து முடித்திருந்தார்கள். விட்டதைத் திரும்பச் சொல்லித் தர ஏற்பாடு ஏதும் இல்லை. வீட்டு ஹாலில் மகளையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி, மீதி நான்கு பேருக்கு நாற்காலி போட்டுப் பழகினோம்.

மெயின்ஸ்ட்ரீம் என்ற நிலையை எட்ட ஏறக்குறைய 70 அழைப்புகள் படிக்க வேண்டும். இந்தப் பட்டியல்களை வகுப்பது கால்லர்லாப் என்ற காலர்களின் சங்கம், 1974இல் தொடங்கியது. ஜப்பானிலும் ஜெர்மனியிலும்கூட அழைப்பு ஆங்கிலத்தில்தான் என்பதால், இங்கே கற்றதை அங்கே போயும் ஆடலாம். டெக்சாஸ் 1991இல் ஸ்கொயர் டான்ஸை மாநில நாட்டுப்புற நடனமாக அறிவித்திருக்கிறது. என் அலுவலகத்து டெக்சாஸ்காரர்களோ பள்ளிக்கூட பி.டி. வகுப்போடு இதைத் தலைமுழுகியவர்கள்.

கவுபாய் தொப்பி, குடைப் பாவாடை எதுவும் வேண்டாம், ஜீன்ஸ் போதும். ரப்பர் அடி ஷூ மட்டும் வேண்டாம். தரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது முழங்கால் முறுகும். இடைவேளைக்கு ஆளாளுக்கு ஏதாவது கொண்டுவருவார்கள். நாங்கள் கொண்டுபோகும் கைமுறுக்கு முதல் டிப்புக்கே காலி.

வகுப்புக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம், ஸ்பீக்கருக்கு ஒன்று. ஜோடி இல்லாமல் தனியாகவும் வரலாம், ஏஞ்சல் ஒருவர் கூட நிற்பார். நடுவில் சேர்ப்பதில்லை, அடுத்த தொகுதி செப்டம்பரில்.