தினமும் ஓட்டுவதா, மூடி வைப்பதா?

ஸ்போர்ட்ஸ் காரை ஷெட்டில் மூடி வைத்தால் பெயின்ட் கெடாது, கிலோமீட்டர் ஏறாது, விற்கும்போது நல்ல விலை கிடைக்கும். சரி. ஆனால் நின்ற வண்டிக்கும் நோய் வரும்: பேட்டரி இறங்கும், பாரம் தாங்கிய இடத்தில் டயர் தட்டையாகும், பிரேக் டிஸ்க்கில் துரு படியும், எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்.

தினமும் ஓட்டினால்? சேலம் ஐந்து ரோடு நெரிசலில் கிளட்ச் தேயும். தாழ்ந்த அடிப்பாகம் வேகத்தடையில் உரசும். அந்தச் சத்தமே வயிற்றைக் கலக்கும்.

என் ஓட்டு ஓட்டுவதற்குத்தான், ஆனால் ஆபீசுக்கு அல்ல. ஞாயிறு விடியற்காலையில் ஏற்காடு ஏறுங்கள். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள்; இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஆயிலில் சேர்ந்த ஈரமும் போய்விடும். இறங்கும்போது மட்டும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், இரண்டாவது கியரில் பிடித்து வாருங்கள்.