பழைய இழைப்புளியின் துருவை எடுக்க: எமரியா, வினிகரா, சோடா வாளியா?

வேலூர்ப் பக்கம் காயலான் கடையில் இரும்பு இழைப்புளி கண்ணில் பட்டால் துருவைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். அடியில் வெட்டும் அலகு எட்டிப் பார்க்கும் வாயின் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு விரிசல் விட்டிருந்தால் வாங்காதீர்கள். துரு ஒரு பிரச்சினையே இல்லை, எப்படி எடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

எல்லோரும் முதலில் கை வைப்பது எமரி பேப்பரில். மேல்துரு போகும், குழிக்குள் இருப்பது அப்படியே இருக்கும், விளிம்புகள் மழுங்கும். துருவுக்கு இது வேண்டாம்.

வினிகர் திருகு, அலகு, அலகின் மேல் பூட்டும் மூடித்தகடு போன்ற சின்ன பாகங்களுக்கு அருமை. ஒரு ராத்திரி ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் கறுப்பாக வழிந்து வரும். ஆனால் அமிலம் துருவோடு நிற்காது, நாள்கணக்கில் விட்டால் நல்ல இரும்பையும் அரிக்கும். எடுத்ததும் ஆப்ப சோடா தண்ணீரில் அலசித் துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் மறுபடி செம்மஞ்சளாகத் துரு படியும், கத்திரி வெயிலிலும்கூட.

உடம்புப் பகுதிக்கு என் ஓட்டு சோடா வாளிக்கே, அதாவது சோடாத் தண்ணீரில் மூழ்கவைத்து மின்சாரம் பாய்ச்சித் துருவை எடுக்கும் முறைக்கு. லாங்கு பஜார் மளிகைக் கடையில் சலவை சோடா வாங்கி, ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீருக்கு இரண்டு மூன்று ஸ்பூன் கரையுங்கள். மரக் கைப்பிடியையும் பித்தளைச் சக்கரத்தையும் முதலில் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் இழைப்புளிக்கு, பிளஸ் வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் கரைவது இழைப்புளிதான். பிளஸ் பக்கம் எவர்சில்வர் கூடவே கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் மொட்டை மாடியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே வாளிக்குள் கையை விடுங்கள். நல்ல இரும்புக்குச் சேதமில்லை. பழைய கறுப்பு பெயின்ட் மட்டும் உரிந்து வரலாம். அது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

அப்புறம்தான் எமரிக்கு வேலை. அலகை உள்ளிழுத்து, பூட்டிய நிலையிலேயே அடித்தளத்தில் பென்சில் கோடுகள் போட்டு, கண்ணாடி மேல் ஒட்டிய 80 நம்பர் தாளில் தேயுங்கள். முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றிலும் கோடு அழிந்தால் போதும். நடுவில் எங்காவது கோடு மிஞ்சினால் கவலைப்படாதீர்கள்.

கடைசியாக மூடித்தகடு. தேக்குக்கு அலகின் நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைக்கலாம். வேம்பில் நார் முன்னும் பின்னும் மாறி ஓடுவதால் பிய்ந்து வரும், அதற்கு அரை மில்லிமீட்டருக்குள் நெருக்கிப் பூட்டுங்கள்.