அக்கா மகனுக்கு வாங்கிய கேம் கருவி: ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன்

தீபாவளிக்கு முன்னால் அக்கா மகனுக்குக் கையடக்க கேம் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன், 3,200 மலேசிய வெள்ளி. மடிக்கணினி செய்து பேர் வாங்கிய பெரிய கம்பெனியுடையது. பெயரை எழுதவில்லை, ஏனென்றால் என் வருத்தம் அந்தத் தொழிலில் இருக்கிற பலர் மேலும்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். திரை அருமை. என் மேசைக் கணினியில் திணறும் கார்ப் பந்தயம் இதில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஆனால் வாங்கிக் கொடுத்த அன்று சாயங்காலம் நடந்ததை மறக்க முடியவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில்தான் அக்கா வீடு. விஷயம் தெரிந்து நாலு பிள்ளைகள் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். பட்டனை அழுத்தினால் விண்டோஸ் வருகிறது. மொழி எது, வைஃபை எது, மின்னஞ்சல் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. எழுத்துப்பலகை பாதித் திரையை மூடிக்கொண்டது, அடுத்த பக்கத்துக்குப் போகிற பட்டன் அதற்கு அடியில் மாட்டிக்கொண்டது, பையன் நகத்தால் குத்திக் குத்திப் பார்க்கிறான். அது முடிந்தால் அப்டேட். தோட்டத்து இணையத்தில் அது 34 சதவீதத்தில் நின்றுவிட்டது. ஏழரை மணி வாக்கில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள், அவன் மட்டும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எனக்கு மனசே கேட்கவில்லை.

சின்ன வயதில் நாங்கள் கடைத்தெருவில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து பிஎஸ்2, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 2, ஆடியவர்கள். தட்டைப் போட்டால் கேம் வந்துவிடும். 2000-இல் வந்த அந்தப் பெட்டியை சோனி ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் செய்துகொண்டே இருந்தது. நிண்டெண்டோ சுவிட்சும் அப்படித்தான், 2017-இல் வாங்கியவர் 2024-இல் வந்த கேமையும் அதே பெட்டியில் ஆடினார். இப்படிக் கேமுக்கென்றே பெட்டி, அதாவது கன்சோல், செய்கிற கம்பெனிக்குக் கேம் விற்பனையில் பங்கு வருகிறது, அதனால் பெட்டியை லாபமே இல்லாமல் விற்றாலும் தாங்கும், பழைய பெட்டி வீட்டில் ஓடிக்கொண்டிருந்தாலே அவர்களுக்கு நல்லது. கணினி கம்பெனிக்குப் பெட்டியில்தான் காசு. அதனால் வருஷத்துக்கு ஒரு மாடல் வருகிறது, போன வருஷத்துக் கருவியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பொருள் வாங்கினால் ஏழெட்டு வருஷம் வைத்திருக்கிற குடும்பத்துக்கு இது எப்படிக் கட்டுப்படியாகும்?

கணினி கம்பெனிகள் கேமுக்குள் வந்து தடுமாறுவது இன்றைக்கு வந்த கதையும் இல்லை. கொமொடோர் 1993-இல் சிடி32 கன்சோலைக் கொண்டுவந்தது, 1994-இல் கம்பெனியே திவாலானது. ஆப்பிளும் பொம்மை கம்பெனியான பண்டாயும் சேர்ந்து 1996-இல் விட்ட பிப்பின் கன்சோலுக்கு விலையும் அதிகம், கேமும் குறைவு, அடுத்த வருஷமே ஆப்பிள் கைகழுவிவிட்டது. மைக்ரோசாஃப்ட் மட்டும் நின்றது. 2001-இல் எக்ஸ்பாக்ஸோடு வந்து நஷ்டத்தைத் தாங்கியது, அப்புறம் எக்ஸ்பாக்ஸ் 360 நிறைய பழுதானபோது 2007-இல் வாரண்டியை மூன்று வருஷமாக்கி, அதற்கென்று 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. கன்சோல் விற்க வருகிறவர்களுக்கு அந்த அளவுக்கு மனசும் பணமும் வேண்டும்.

நான்காவது மாதம் கேமில் ஆளை நகர்த்துகிற இடது ஸ்டிக், கை வைக்காமலே நகர்த்த ஆரம்பித்தது. ஈப்போவில் வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன், கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். ஐந்து வாரம். பள்ளி விடுமுறை முழுக்க அதிலேயே போய்விட்டது. "மாமா, வந்துருச்சா?" என்று பையன் தினமும் போன் செய்தான்.

கணினி கம்பெனிகள் கேமுக்குள் வரவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இரும்பும் சிப்பும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். லெனோவோ 2025-இல் லீஜியன் கோ எஸ் என்ற கையடக்கக் கருவியை, விண்டோஸுக்குப் பதில் வால்வ் கம்பெனியின் ஸ்டீம் ஓஎஸ் போட்டும் விற்றது, அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். கேமுக்கென்றே செய்த மென்பொருள், பட்டனை ஒருமுறை தட்டினால் தூங்கும், மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம்.

நான் வாங்கியது, வால்வின் இணையக் கேம் கடையான ஸ்டீமில் ஏற்கெனவே நிறைய கேம் வைத்திருக்கிற, விண்டோஸை நோண்டத் தெரிந்த பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைகளுக்கு என்றால் பழைய சுவிட்ச் ஒன்று பார்த்து வாங்குங்கள். இல்லை, இதுதான் வேண்டும் என்றால், பணம் கொடுப்பதற்கு முன்னால் பழுதானால் எங்கே அனுப்புவார்கள், எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.