நாற்சார் வீட்டைத் திருத்துவதா, தொடர்மாடி கட்டுவதா?

யாழ்ப்பாணத்தில் நல்லூர், வண்ணார்பண்ணைப் பக்கம் பழைய காணி உள்ள வீடுகளில் இப்போது இந்தப் பேச்சுத்தான்: நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய நாற்சார் வீட்டைத் திருத்துவதா, இடித்துவிட்டுத் தொடர்மாடி கட்டுவதா? 2014இல் யாழ்தேவி ரயில் திரும்பி வந்தது, 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. காணி தேடி வருபவர்களும் கூடிவிட்டார்கள்.

தொடர்மாடியிலும் நியாயம் உண்டு. ஒரு பரப்புக் காணி என்பது பத்துப் பேர்ச், அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்குதான். சீதனமாகப் பிரிந்து சிறுத்த துண்டில் நாலு பிள்ளைகளுக்கும் இடம் வேண்டுமென்றால் மேலேதான் போக வேண்டும்.

சரி, தண்ணீர்? குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழையைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அதே கல்லின் வெடிப்புகள் வழியே மலக்குழிக் கழிவும் இறங்கும். ஒரு குடும்பம் இருந்த காணியில் பன்னிரண்டு குடும்பம் வந்தால் குழி எங்கே, கிணறு எங்கே? முற்றத்தையும் சீமெந்தால் மூடிவிட்டால் மழை மண்ணுக்குள் போக வழியே இல்லை.

நாற்சார் வீட்டின் நடுமுற்றம் வெளிச்சமும் காற்றும் தரும். தடித்த கற்சுவரும் ஓடும் வெயிலைத் தாங்கும். திருத்துவது சுலபமில்லை: கறையான் அரித்த பனஞ்சலாகைகளை மாற்ற வேண்டும், சுண்ணாம்புச் சாந்து தெரிந்த மேசனைத் தேட வேண்டும். அவசரத்துக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவர் உதிரும்.

நல்ல தண்ணீர்க் கிணறும் உறுதியான சுவரும் இருந்தால் நான் வீட்டைத்தான் திருத்துவேன். தொடர்மாடியை வீடில்லாத வெறுங்காணியில் கட்டினால் போதும், அதுவும் கழிவைச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு. எதைச் செய்தாலும் வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகளிடம் முதலில் பேசுங்கள். பங்கை விற்கும்போது முதலில் வாங்கும் உரிமையை யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.