ட்ரையரில் துணி காயவில்லை என்றால் முதலில் காற்றுப் பாதையைப் பாருங்கள்: ஏழு மழைக்கால அனுபவம்

வேலூர் வெயிலை அறிந்தவர்கள் இந்த ஊரில் ட்ரையர் எதற்கு என்று கேட்பார்கள். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக் கொடியில் போட்ட துணி, அடுத்த பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவதற்குள் காய்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அத்தைக்கு நாளொன்றுக்கு நான்கு விரிப்புகளாவது மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை இரண்டு நாளானாலும் ஈர வாடையோடுதான் தொங்கும். ஈர விரிப்பில் கிடந்தால் முதுகுத் தோல் ஊறிப் புண்ணாகிவிடும் என்பதால், 2018 அக்டோபரில் ஆறு கிலோ ட்ரையர் ஒன்றை வாங்கினோம். ஈரக் காற்றைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளும் வகை அது.

முதல் மூன்று மழைக்காலங்களில் ஒரு குறையும் இல்லை. நன்றாகப் பிழிந்து போட்ட நான்கு விரிப்புகளும் இரண்டு துண்டுகளும் ஒரு மணி நேரத்தில் சூடாக, மொறமொறவென்று வெளியே வரும். பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடிய 2021 நவம்பரில், எந்திரம் மிகவும் தேவைப்பட்ட அந்த நாட்களில்தான், இரண்டு மணி நேரம் ஓடியும் துணி நசநசவென்றே இருந்தது. எந்திரத்தின் மேல்தகட்டில் கை வைக்க முடியாத சூடு. உள்ளேயோ வெந்நீரில் நனைத்து எடுத்தது போன்ற துணி.

முதலில் மின்னழுத்தத்தின் மீது சந்தேகப்பட்டேன். 230 வோல்ட்டுக்கு அமைத்த ஹீட்டர் 190 வோல்ட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தையே தரும் என்பதால் அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் ஸ்டெபிலைசரில் 225 காட்டியது. சில நாட்களில் சூடே வராமல் நின்றுபோக, மெக்கானிக்கை அழைத்தோம். "தெர்மல் ஃப்யூஸ் போயிடுச்சிம்மா, மாத்திட்டா சரியாயிடும்" என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் புது ஃப்யூஸும் போயிற்று. மறுபடியும் அதையே மாற்றினார். அந்த ஃப்யூஸ், சூடு அளவுக்கு மீறும்போது தீப்பிடிக்காமல் காப்பதற்காகத் தன்னையே அறுத்துக்கொள்ளும் சிறு பாகம். அது அடிக்கடி போகிறது என்றால் சூடு எங்கோ வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது என்று பொருள். இரண்டு முறை பணம் கொடுத்த பிறகுதான் இது எனக்கு விளங்கியது. துணியை உலர்த்துவது சூடு மட்டுமல்ல. சூடு கிளப்பிவிடும் ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும் காற்றுதான் வேலையை முடிக்கிறது.

அடைப்பு எந்திரத்துக்குள்ளா, குழாயிலா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பின்புறம் குழாயைக் கழற்றிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்து, பத்து நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். எந்திரத்தின் வாயில் காற்று பலமாக அடித்தால் குற்றம் குழாயில். அங்கேயே சோர்ந்து வந்தால் துணிப் பஞ்சைப் பிடிக்கும் வடிகட்டியிலோ, உள்ளே இருக்கும் விசிறியிலோ. எங்கள் வீட்டில் அந்த வாயில் காட்டிய செய்தித்தாள் துண்டு படபடவென்று அடித்துக்கொண்டது. குழாயை மாட்டிவிட்டு வெளிச்சுவரில் உள்ள திறப்பில் அதே தாளைப் பிடித்தபோது அது அசையவே இல்லை.

ஏணி வைத்து ஏறி, வெளித்திறப்பை அருகில் பார்த்தேன். கொசு வரும் என்று கொத்தனார் அங்கே பதித்திருந்த வலையின் உட்புறத்தில், விரலளவு தடிப்பில் சாம்பல் நிறப் பஞ்சு ஈரக் கம்பளி போலப் படிந்திருந்தது. அதற்கு முன்னால் இருந்த மடிப்பு மூடியின் கீலில் குளவி மண்கூடு கட்டியிருந்ததால், மூடி பாதிக்கு மேல் திறக்கவில்லை. மார்ச் முதல் செப்டம்பர் வரை எங்களுக்கு ட்ரையர் தேவைப்படுவதில்லை. காற்று வராத அந்த மாதங்களில்தான் குளவி இடம்பிடித்திருக்க வேண்டும். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும், கலைக்காதே என்பார் அத்தை. கூட்டில் துளை விழுந்து காலியாக இருந்ததை அவரிடம் சொல்லிவிட்டே உடைத்தேன்.

வலையை நிரந்தரமாக எடுத்துவிட்டேன். ட்ரையர் திறப்பில் வலை வைப்பது, எவ்வளவு பெரிய கண்ணுடையதாக இருந்தாலும், பிசிறை வடிகட்டிச் சேர்ப்பதற்கே உதவும். கொசுவையும் பல்லியையும் தடுக்கத் தடையின்றி அசையும் மூடியே போதும்.

அடுத்தது குழாய். சமையலறைப் பரண் மீது வளைத்து வளைத்து எடுத்துச்சென்ற பதினைந்து அடி நீள மடிப்புக் குழாய் அது. அதன் ஒவ்வொரு மடிப்பிலும் பிசிறு தங்கியிருந்தது. வெளியே எடுத்து உதறியபோது ஒரு சின்னத் தலையணைக்கு அடைக்கும் அளவு பஞ்சு விழுந்தது. அமெரிக்கக் கட்டட விதிகளில் நான்கு அங்குல வழவழப்பான உலோகக் குழாய்க்கு 35 அடி வரை பொது வரம்பு; ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் அதில் 5 அடியைக் கழித்துவிடுகிறார்கள். வளைவு காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே சான்று. ஆகவே எந்திரத்தையே வெளிச்சுவர் ஓரமாக நகர்த்தி, தகர வேலை செய்யும் பட்டறையில் நான்கு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) குழாய் செய்து வாங்கினோம்: ஐந்து அடி நீளம், ஒரே வளைவு. இணைப்புகளில், காற்று போகும் திசையில் ஒரு குழாயின் முனை அடுத்த குழாய்க்குள் நுழைய வேண்டும். மாற்றிப் பொருத்தினால் விளிம்பில் பஞ்சு சிக்கும். அதே காரணத்தால் உள்ளே நீட்டும் திருகாணியும் கூடாது. அலுமினிய டேப்பும் கிளிப்பும் போதும். கழிவுநீருக்குப் போடும் பி.வி.சி. குழாய் மலிவு என்று பிளம்பர் சொன்னார். நிலைமின்னால் பிசிறை இழுத்துக்கொள்வதும் சூட்டில் இளகக்கூடியதுமான பொருளை இதற்கு வைக்க மனம் ஒப்பவில்லை.

வடிகட்டியிலும் ஒரு பாடம் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் பஞ்சைத் தட்டிவிட்டாலும், துணியை மென்மையாக்கும் திரவம் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலமாக அதில் படிகிறது. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்புத்தண்ணீர் என்பதால் அதைத் தாராளமாக ஊற்றிவந்தேன். வடிகட்டியின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இறங்காமல் தேங்கினால் சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவைத்துப் பொருத்த வேண்டும். எந்திரம் இருக்கும் அறைக் கதவை முழுதாகச் சாத்தி வைப்பதும் தவறு. உள்ளே போகக் காற்று இல்லாதபோது வெளியே தள்ளவும் இருக்காது.

2021 டிசம்பரில் இந்த வேலைகளை முடித்தோம். அதற்குப் பிறகு 2024 மழைக்காலம் வரை ஒரு ஃப்யூஸ் கூட மாற்றவில்லை. அதே நான்கு விரிப்புகளும் இரண்டு துண்டுகளும் ஐம்பத்தைந்து நிமிடத்தில் காய்ந்துவிடுகின்றன. புரட்டாசி பிறந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழாயைக் கழற்றி, நீண்ட பிரஷ்ஷால் துடைத்து, மூடியின் கீலைத் தொட்டுப் பார்த்துவிடுகிறேன். கடந்த ஆண்டும் அங்கே குளவி மண் ஒட்டத் தொடங்கியிருந்தது.