சிவப்பு உருண்டையா, பச்சை உருண்டையா?

நர்சரியில் இரண்டும் பெரும்பாலும் ஒரே தட்டில்தான் இருக்கும். ஒன்று, பச்சைத் தண்டின் தலையில் சிவப்போ மஞ்சளோ உருண்டையாக உட்கார்ந்திருக்கும் ஒட்டுக்கள்ளி; 'மூன் கேக்டஸ்' என்று கேட்டால் தருவார்கள். இன்னொன்று அந்த உருண்டையின் அதே ஜிம்னோகலிசியம் என்னும் கள்ளிப் பேரினத்தின் பச்சைப் பங்காளி, சொந்த வேரில் நிற்பது. கண் போவது சிவப்பின் மேல்தான். கோவையில் என் வீட்டு ஜன்னலில் இரண்டையும் வளர்த்துவிட்டுச் சொல்கிறேன்: முதல்முறை கள்ளி வாங்குகிறவர் பச்சையை எடுங்கள்.

சிவப்பில் பச்சையமே கிடையாது. 1941-இல் ஜப்பானில் வதனபே என்பவரின் நாற்றுகளுக்கிடையே இப்படிச் சிவப்பாக முளைத்தவற்றை வேறு கள்ளியில் ஒட்டுக்கட்டிப் பிழைக்க வைத்தார்கள். அடியில் இருக்கும் முக்கோணத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கள்ளி. மேலே இருப்பவருக்கும் சேர்த்து அதுதான் சமைத்துப் போடுகிறது. ஆக, ஒரே தொட்டியில் இரண்டு செடி, இரண்டு குணம்.

வெயிலில்தான் இந்தச் சண்டை தெரியும். தண்டுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் சிவப்பு வெளுத்துக் கருகும். கூடத்து மூலையில் வைத்தால் தண்டு சோர்ந்துவிடும். காலை வெயில் மட்டும் படும் கிழக்கு ஜன்னல்தான் வழி. பச்சைக்கும் அரைநிழல் போதும். பராகுவே பக்கத்துப் புதர்க்காடுதான் அதன் ஊர். நம் கொங்கு மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வெள்வேல மரத்தடியில் கொழுக்கட்டைப்புல் நிற்பது போல அங்கே செடிகளின் நிழலில் வளர்வது. இடம் கொஞ்சம் தப்பினாலும் பொறுத்துக்கொள்ளும்.

தண்ணீரில்தான் நான் ஏமாந்தேன். வாங்கியபோது தொட்டி முழுக்கத் தேங்காய் நார்க்கழிவு. பொள்ளாச்சி பக்கத்தில் அதற்குப் பஞ்சமா? அப்படியே மாடிச் சுவரில் வைத்துவிட்டேன். ஐப்பசி மழையில் நார் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தண்டு அடியில் வெந்த சுரைக்காயாகிவிட்டது. மேலே சிவப்போ ஒரு வாரம் கல்லு மாதிரி இருந்தது! அதனால் ஒட்டுக்கள்ளியில் உருண்டையைப் பார்க்காதீர்கள், தண்டை அழுத்திப் பாருங்கள். இப்போது செம்மண் ஒரு பங்கு, பருமணலும் செங்கல் பொடியும் இரண்டு பங்கு, மண் தொட்டி. மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். ஆடிக் காற்றில் தொட்டி சீக்கிரம் காயும். தண்டு சுருங்கினால் கொஞ்சம் முந்தி ஊற்றலாம். பச்சைக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், மறந்தாலும் நிற்கும்.

மாவுப்பூச்சி இரண்டுக்கும் வரும். ஒட்டுக்கள்ளியில் ஒட்டின் இடுக்கில் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். தண்டின் பக்கத்தில் கிளை முளைத்தால் அழகாக இருக்கிறதே என்று விடாதீர்கள், கிள்ளிவிடுங்கள்.

ஆயுளில் போட்டியே இல்லை. பச்சை பல ஆண்டு இருக்கும். ஒட்டுக்கள்ளி பெரும்பாலும் சில ஆண்டுகள்தான், உருண்டையும் தண்டும் ஒரே வேகத்தில் வளராது. அப்புறம் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், பக்கத்து வீட்டு அம்மிணி "ஏனுங்க, இது நெசப் பூங்களா?" என்று கேட்பது சிவப்பைப் பார்த்துத்தான். பச்சையை யாரும் கேட்டதில்லை.

போன வாரம் சிவப்பின் பக்கத்தில் வந்த குட்டியை அறுத்து, தோட்டத்திலிருந்து கொண்டுவந்த டிராகன் தண்டின் தலையைச் சீவி, இரண்டின் வெட்டிலும் தெரியும் நடு வளையம் ஒன்றையொன்று தொடும்படி வைத்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். கழற்ற இன்னும் நாலு நாள் இருக்கிறது.