ஐந்து கோடைகள், இரண்டு பேக்லைட்: என் 43 அங்குலத் தொலைக்காட்சி

விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று மைத்துனர் கும்பகோணத்திலிருந்து கேட்டார். 2019-இல் நான் வாங்கிய அதே 43 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சிதான். என் பெட்டி இரண்டாம் முறை பழுது பார்க்கப்பட்டு வீடு திரும்பிய மறுநாள் அவர் கேட்டதால், பதில் சற்றுக் காரமாகவே இருக்கும்.

படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருவையாற்று ஆராதனை நேரலையில் பாடுபவர்களின் புடவைச் சரிகை தனித்தனி இழையாகத் தெரியும். குறையெல்லாம் சூட்டில்தான்.

இரண்டு முறையும் அக்னி நட்சத்திரத்தில்தான் நடந்தது: ஒலி வருகிறது, திரை இருட்டு. டார்ச்சைச் சாய்த்து அடித்தால், தொடர் நாயகியின் முகம் நிழலாக அசைகிறது. திரை பிழைத்திருக்கிறது, அதற்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பின்விளக்குதான், அதாவது பேக்லைட்தான், போயிற்று என்பதற்கு அதுவே அடையாளம். கோயில் திருவிழாவின் சீரியல் செட் போல விளக்குகள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், சூட்டில் ஒன்று அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடுகிறது.

மெக்கானிக் பின்மூடியைத் திறந்ததும் முதலில் கொட்டியது ஒரு கைப்பிடி பச்சைப்பூச்சி. சம்பாப் பருவத்தில் வயலிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து, காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டவை. பிறகு அவர் கேட்டார்: "வாங்குனதுலேருந்து பேக்லைட் நூறுலயே ஓடுதா சார்?"

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கண் கூசியதால் பிரைட்னஸை நான் எப்போதோ பாதியாகக் குறைத்துவிட்டேன். ஆனால் இந்தப் பெட்டியில் அது கறுப்பின் அடர்த்தியை மட்டுமே மாற்றுமாம். விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பது பேக்லைட் என்ற தனி அமைப்பு, அது இரண்டு பட்டியல்களுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. எல்.இ.டி. என்பது பின்விளக்கின் பெயர்தான், முன்னால் இருப்பது எல்.சி.டி. திரை. அது பொதுவாகப் பின்னாலிருந்து வரும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூட வெளியே விடுவதில்லை. மீதியெல்லாம் உள்ளேயே சூடாகிறது. காட்சிக்கேற்ப விளக்கைத் தாழ்த்தத் தெரியாத என் பெட்டியில், படத்தில் நள்ளிரவு என்றாலும் விளக்கு முழு வீச்சில்தான் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நூறில் வைத்து அனுப்பியவர்களை என்னவென்று சொல்வது?

நியாயமாகப் பார்த்தால் என் பங்கும் உண்டு. அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக்கூடாது, சுற்றிலும் 10 செ.மீ. இடைவெளி வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. நானோ மொட்டைமாடிக்கு நேர் கீழேயுள்ள அறையில், ஆசாரியிடம் சொல்லி அளவெடுத்துச் செய்த அலமாரிக்குள் அதைச் செருகி வைத்திருந்தேன். மே மாதத்தில் அந்த அறையே 40-ஐ எட்டிப்பார்க்கும். பூச்சிக்கும் நிறுவனம் பொறுப்பல்ல.

இப்போது பேக்லைட் 50-இல் இருக்கிறது. பெட்டி அலமாரியை விட்டு வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. பின்புறத்தில் கை வைத்தால் வெதுவெதுப்புதான். படம் முன்னைவிடக் கண்ணுக்கு இதமாக இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மைத்துனருக்கு "வாங்க வேண்டாம்" என்று எழுதினேன். "அப்படின்னா உங்களோடத எனக்குக் கொடுத்துடுங்க அத்தான்" என்றார். அதற்கும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன்.